எரியாத பலகை, கழலும் எழுத்து: கடைப் பெயர்ப்பலகையின் பழுதை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

பெயர்ப்பலகையில் பழுது தெரியும் இடமும் அது தொடங்கிய இடமும் பெரும்பாலும் வேறு வேறு. கடைசி மூன்று எழுத்து மங்கினால் அந்த மூன்றின் மொடியூலையும் (உள்ளே எரியும் எல்ஈடி விளக்குத் துண்டு) மாற்றிவிட்டுப் போகிறார்கள். காரணம் மெல்லிய வயராக இருந்தால் புது மொடியூலும் அன்று இரவே மங்கும். அதனால் இங்கே அறிகுறியில் தொடங்குகிறோம். எதைக் கழற்றுவது என்பது பிறகு.

கையில் இருக்க வேண்டியவை ஒரு மல்ரிமீற்றர், ஒரு காந்தம், மீற்றர் ரேப், கூர்மையான கத்தி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் அற்ககோல், பஞ்சுத்துணி. பலகையைத் திறக்கமுன் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். பவர் சப்ளையின் ஒரு பக்கம் 12 வோல்ற் என்றாலும் மறுபக்கம் 230 வோல்ற். மழை ஈரம் காயாத இரும்புச் சட்டத்தில் அலுமினிய ஏணியைச் சாய்த்து வேலை செய்யவே கூடாது.

தூரத்து எழுத்துகள் மங்குகின்றன

பலகை எரிந்துகொண்டிருக்கும்போதே இரண்டு இடத்தில் அளவுங்கள்: சப்ளையின் வெளியீட்டில் ஒன்று, மங்கலான எழுத்தின் கடைசி மொடியூலில் ஒன்று. சுமை இல்லாமல் அளந்தால் இரண்டிலும் 12 காட்டும், அதனால் பயனில்லை. சப்ளையில் 12.0, கடைசியில் 10.6 என்று வந்தால் மொடியூலில் குறை இல்லை. 1.4 வோல்ற்றை வயர் தின்றிருக்கிறது.

ஒரு வோல்ற் குறைந்தால் இவ்வளவு மங்குமா என்று கேட்பார்கள். வழக்கமான 12 வோல்ற் மொடியூலில் மூன்று எல்ஈடி தொடராக இருக்கும். அவை மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 9 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 3 வோல்ற் மின்தடையில் விழும். வருவது 11 ஆகக் குறைந்தால் எல்ஈடி தன் 9ஐ விட்டுக்கொடுக்காது. மின்தடைக்கு 2 தான் மிஞ்சும். ஓடும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வோல்ற் பன்னிரண்டில் ஒரு பங்கு குறைய, வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு போகிறது.

வயர்க் கணக்கைப் பாருங்கள். சப்ளை கடைக்குள், பலகை 10 மீற்றர் தூரத்தில் என்றால் போகவும் வரவும் 20 மீற்றர் செம்பு. 5 அம்பியர் ஓடும்போது 0.75 சதுர மி.மீ. வயரில் 2.3 வோல்ற் விழும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. வயர் போட்டால் 0.7 வோல்ற் தான் விழும். ஆகவே முதலில் சப்ளையைப் பலகைக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். நீளமாக 230 வோல்ற் வயர் ஓடட்டும், 12 வோல்ற் வயர் குறுகட்டும். அடுத்து, மொடியூல் சங்கிலியை நீளமாக விடாமல் 20 மொடியூலுக்கு ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வயர் கொடுங்கள். பிரிக்க முடியாத இடத்தில் சங்கிலியின் இரண்டு முனையிலும் மின் கொடுங்கள்.

சப்ளையின் ஓரத்தில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி 13.5 வோல்ற்றுக்கு ஏற்றி, தூரத்து எழுத்தைப் பளிச்சென்று ஆக்குவதை அடிக்கடி காண்கிறோம். தூரத்து எழுத்து பிரகாசிக்கும்போது கிட்ட உள்ளவற்றுக்கு ஒன்றரை மடங்கு மின்னோட்டம் போகிறது. அவை ஒரு கோடையைத் தாண்டாது.

ஓர் இடத்துக்கு அப்பால் ஒன்றுமே எரியவில்லை

சங்கிலியில் மொடியூல்கள் சமாந்தரமாகத்தான் இணைந்திருக்கின்றன. நடுவில் ஒன்று மட்டும் இருண்டால் அந்த மொடியூல் செத்துவிட்டது. ஒன்றிலிருந்து தொடங்கி எல்லாமே இருண்டால், எரியும் கடைசி மொடியூலுக்கும் எரியாத முதலாவதுக்கும் இடையிலான இணைப்பு அறுந்திருக்கிறது. வேறெங்கும் தேடவேண்டாம்.

அந்த இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றியிருந்தால் ரேப்பின் பசை உருகி வழிந்து, உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும். சில வேளை உறைக்குள் ஒரு விரல் நீளத்துக்குக் கறுத்திருக்கும். குருநகர், காங்கேசன்துறை, பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் இது விரைவில் வரும். மொடியூல் ஐபி67 (தூசும் தண்ணீரும் புகாத தரம்) ஆக இருக்கலாம். அந்தத் தரம் மொடியூலுக்குத்தான், நீங்கள் முறுக்கிய முடிச்சுக்கு அல்ல. கறுத்த வயரை வெட்டி, பளபளக்கும் செம்பு வரும்வரை போங்கள். ஈயப்பற்று வையுங்கள். உட்புறம் பசை உள்ள சுருங்கு குழாயை ஏற்றிச் சூடாக்கினால் இரு முனையிலும் பசை சிறிது பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் அடைபடவில்லை.

சிலிக்கன் பூசுவதானால் மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அது அசற்றிக் வகை; காயும்போது வெளிவரும் அமிலம் செம்பையும் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். வயருக்குக் கிட்ட நடுநிலை வகைச் சிலிக்கன்தான். ரியூப்பிலேயே அப்படிப் போட்டிருக்கும்.

விட்டு விட்டு மின்னுகிறது

ஒரே சீராக ஒரு செக்கனுக்கு ஒருமுறை எரிந்து அணைந்தால் சப்ளை தன்னைத்தானே காத்துக்கொள்கிறது: சுமை மிஞ்சிவிட்டது அல்லது 12 வோல்ற் பக்கம் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியீட்டு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்த வயரைக் கழற்றியதும் நிதானமாகிறதோ அந்தக் கிளையில்தான் ஷோர்ட். எதைக் கழற்றினாலும் நிதானமானால் சுமைதான் அதிகம்.

கணக்கு எளிது. 0.72 வாற் மொடியூல் 200 என்றால் 144 வாற். சப்ளையை 80 சதவீதத்துக்கு மேல் சுமத்தக்கூடாது, 144ஐ 0.8ஆல் வகுத்தால் 180, ஆகவே 200 வாற் சப்ளை. அதே 200 மொடியூல் 1.5 வாற் ஆனால் 300 வாற் வரும், அதற்கு 400 வாற் சப்ளை வேண்டும். பழுது பார்த்தபோது பழைய 0.72க்குப் பதில் கடையில் கிடைத்த 1.5ஐப் போட்டிருந்தால் இந்த மின்னல் தொடங்குவதில் புதுமை இல்லை. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் சப்ளை இருந்தால் 70 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

ஒழுங்கில்லாமல், பின்னேரம் சூடாக இருக்கும்போது மட்டும் துடித்தால் சப்ளையே பழுதாகியிருக்கும். மாற்றத்தான் வேண்டும். புதியது வாங்கியதும் பக்கத்துத் துளைக்குள் தெரியும் சிறிய சுவிட்சைப் பாருங்கள். 115, 230 என்று இரண்டு நிலை உள்ள வகையில் 115இல் நின்றால், மின் கொடுத்த கணமே வெடிக்கும்.

மழை பெய்தால் ட்ரிப் விழுகிறது, தொட்டால் விறுவிறுக்கிறது

ட்ரிப் சுவிட்சை விழுத்துவது பெரும்பாலும் 230 பக்கத்துக் கசிவு. 12 வோல்ற் பக்கம் சப்ளைக்குள் தனிமைப்பட்டிருப்பதால் மொடியூல் நனைவது ட்ரிப்பை விழுத்தாது. சப்ளையின் 230 வயரைக் கழற்றி முனையை மூடிவிட்டு ட்ரிப்பை ஏற்றுங்கள். இன்னும் விழுந்தால் குறை சுவரில் வரும் வயரில் அல்லது இணைப்புப் பெட்டியில். விழாவிட்டால் சப்ளைக்குள் தண்ணீர் போயிருக்கிறது.

தண்ணீரை முழுதாக அடைக்க முயல்வதுதான் பலகை செய்வோர் விடும் பெரிய பிழை. 2008 கார்த்திகையில் நிஷா புயலோடு வந்ததுபோல நாள்கணக்கில் கொட்டும் மழைக்கு எந்தச் சிலிக்கனும் தாங்காது. மழை இல்லாவிட்டாலும், பகலில் விரிந்த காற்று இரவில் சுருங்கும்போது ஈரத்தை உள்ளே இழுத்துத் துளியாக்கும். மேல் விளிம்பையும் பக்கங்களையும் அடையுங்கள். கீழ் விளிம்பைத் திறந்து விடுங்கள். எழுத்து ஒவ்வொன்றின் அடியிலும் 6 மி.மீ. துளை, பெட்டிப் பலகையில் அரை மீற்றருக்கு ஒன்று 8 மி.மீ. துளை. தமிழ் எழுத்தில் இதைக் கவனமாகப் பாருங்கள். ‘யா’வின் தண்ணீர் தங்கும் இரண்டு அடி, ‘ழ’வின் கீழ்ச் சுழி, ‘மு’வின் தொங்கும் வளைவு என்று ஓர் எழுத்துக்கே பல அடிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித் துளை. வயர் நுழையும் இடத்தில் வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றி உள்ளே விடுங்கள். தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும்.

தொட்டால் மெல்ல விறுவிறுக்கிறது, ஆனால் ட்ரிப் விழவில்லை என்றால் சட்டத்துக்கு எர்த் இல்லை. சப்ளைக்குள் உள்ள வடிகட்டிக் கொப்பாசிற்றர் வழியாக வரும் சிறு கசிவு போக இடமில்லாமல் சட்டத்தில் நிற்கிறது. சப்ளையின் எர்த் முனை, ஏசிபியைத் (பிளாஸ்ரிக்கின் இரு பக்கமும் அலுமினியம் ஒட்டிய தகடு) தாங்கும் இரும்புச் சட்டம் இரண்டையும் கட்டிடத்தின் எர்த்தோடு சேருங்கள். பெயின்ற் மேல் வைத்து இறுக்காமல், சுரண்டிய இரும்பில் இறுக்குங்கள்.

எழுத்துக்குள் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது. புள்ளி மட்டும் இருட்டு

மொடியூலுக்கு மொடியூல் உள்ள இடைவெளி, எழுத்தின் ஆழத்தைவிடக் கூடிவிட்டது. 75 மி.மீ. ஆழ எழுத்தில் 75 மி.மீ. இடைவெளிக்குள் நில்லுங்கள். ஆழம் 50 என்றால் இடைவெளியும் 50. முகத்துக்கு 3 மி.மீ. பால்வெள்ளை அக்கிரிலிக், தெளிந்த அக்கிரிலிக்கில் வெள்ளை ஸ்ரிக்கர் ஒட்டினால் பொட்டு மறையாது. உட்சுவர் வெள்ளையாக இருக்கட்டும்.

மெய்யெழுத்துப் புள்ளி வேறு சிக்கல். ஓரடி உயர எழுத்தில் புள்ளியின் விட்டம் ஒன்றரை அங்குலம் அளவில்தான் வரும். மூன்று எல்ஈடி மொடியூல் அதற்குள் போகாது. சிலர் வெறும் பிளாஸ்ரிக் வட்டம் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பகலில் ‘பட்டு மாளிகை’, இரவில் ‘படடு மாளிகை’. கடைக்காரர் காசு கொடுத்தது தன் பெயர் இரவிலும் சரியாக வாசிக்கப்படுவதற்குத்தான். ஒற்றை எல்ஈடி மொடியூல் வாங்கி, புள்ளிக்கென்று தனி 8 மி.மீ. வயர்த் துளை போடுங்கள். விட்டம் 30 மி.மீ.க்குக் கீழே போகும் எழுத்துருவானால், வெட்டமுன் கணினியிலேயே புள்ளியை ஐந்தில் ஒரு பங்கு பெருப்பித்து, தலையிலிருந்து சற்று உயர்த்துங்கள். கண்ணுக்கு உறுத்தாது.

அதேபோல ‘ண’, ‘ன’ சுழிகளுக்குள் கோட்டின் அகலம் 25 மி.மீ.க்குக் குறைந்தால் மொடியூல் வளைந்து நிற்காது. மெல்லிய எழுத்துருவைத் தடிப்பாக்குவதைவிடத் தடித்த எழுத்துருவைத் தெரிவது நல்லது. வெளிக்கோடு கூட்டித் தடிப்பாக்கினால் சுழியின் கண் அடைபட்டு, ‘ண’வும் ‘ன’வும் தூரத்தில் ஒன்றாகிவிடும்.

கணினியில் எழுத்து மாறுகிறது. வெட்டும் இயந்திரம் நடுவில் கோடு போடுகிறது

வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல் வந்தால் அது பெரும்பாலும் பாமினி எழுத்துரு. பாமினியில் தமிழ் உருவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாவிட்டால் அடியில் உள்ள ஆங்கிலம் வெளியே வரும். பாமினியை நிறுவுங்கள், போதும். மறுபக்கமாக, யூனிகோட் தமிழைப் பழைய கோரல் ட்ரோவில் ஒட்டும்போது ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அங்கே பாமினிக்கு மாற்றி ஒட்டுங்கள். எதுவானாலும் கோப்பைக் கைமாற்றமுன் எழுத்துகளை வளைகோடாக மாற்றி, தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

‘கி’, ‘தீ’ போன்றவற்றில் விசிறியும் எழுத்தும் சேரும் இடத்தில் கத்தி குறுக்கே வெட்டினால், இரண்டும் தனித்தனி உருவமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. வளைகோடாக மாற்றியபின் இரண்டையும் தெரிந்து வெல்ட் கட்டளை கொடுங்கள். இணைப்புக் (கொம்பைன்) கட்டளை கொடுத்தால் ஏறிய இடம் ஓட்டையாகும். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பிறகு நிரப்பை நீக்கிக் கோட்டை மட்டும் பாருங்கள், உள்ளே மிச்சக் கோடு இருக்கக்கூடாது.

புள்ளி வட்டமாக மூடாமல் சிறு வாலோடு நின்றால் கத்தியின் ஓப்செற் அளவு (கத்தி முனை அதன் சுழலும் அச்சிலிருந்து விலகியிருக்கும் தூரம்) பிழை. வழக்கமான கத்திக்கு 0.25 மி.மீ. மூலைகள் உருண்டால் அளவைக் கூட்டுங்கள், மூலையில் கொம்பு முளைத்தால் குறையுங்கள். பின்தாள் வெட்டுப்பட்டால் கத்தி தேவைக்கு மேல் வெளியே நீண்டிருக்கிறது. ஒரு சதுரமும் உள்ளே ஒரு வட்டமும் வெட்டிப் பார்த்து, ஸ்ரிக்கரை உரித்ததும் பின்தாளில் மெல்லிய கீறல் மட்டும் இருந்தால் சரி. கழிவை உரிக்கும்போது புள்ளிகள்தான் முதலில் கழிவோடு போகும். ஒரு கை இழுக்க, மறுகை ஊசிமுனையால் ஒவ்வொரு புள்ளியையும் அழுத்திப் பிடிக்கட்டும்.

ஸ்ரிக்கர் ஓரம் சுருள்கிறது, கொப்பளிக்கிறது, வெள்ளை படிகிறது

அச்சடித்த ஸ்ரிக்கர் என்றால் முதல் கேள்வி: அச்சடித்து எத்தனை மணித்தியாலத்தில் லமினேற் பண்ணினார்கள்? எக்கோ சொல்வன்ற் மையின் கரைப்பான் வெளியேற 24 மணித்தியாலம் வேண்டும். அதற்குமுன் மூடினால் கரைப்பான் பசைக்குள் இறங்கி அதை இளக்கும், ஓரம் சுருளும். அவசர வேலை என்று வாக்குக் கொடுக்குமுன் இந்த ஒரு நாளைக் கணக்கில் எடுங்கள். சுருளை உருட்டி வைக்காமல் விரித்து வைத்தால் விரைவில் காயும்.

அச்சில்லாத வெற்று நிற ஸ்ரிக்கர் எல்லா ஓரத்திலும் சமமாகச் சுருங்கி, பசைக்கோடு தெரிந்தால் அது மலிவான மொனோமெரிக் வகை. வெயிலில் சுருங்குவது அதன் இயல்பு. வெளிப்பலகைக்குப் பொலிமெரிக், வளைந்த பரப்புக்குக் காஸ்ற். புதிய பெயின்ற்மேல் ஒட்டியதால் கொப்பளித்தால் பெயின்ற் இன்னும் மூச்சு விடுகிறது. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம், மறுநாள் மீண்டும் வரும். உரித்து, காயவிட்டுத்தான் ஒட்டவேண்டும்.

தண்ணீர் தெளித்து ஒட்டிய கண்ணாடி ஸ்ரிக்கருக்கு அடியில் வெள்ளை வளையங்கள் தெரிந்தால் அது பசைக் குறை அல்ல, கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் நிற்பது. கேத்திலில் படியும் அதே வெள்ளைதான் ஸ்ரிக்கருக்கு அடியிலும் படிகிறது. தெளிப்பதற்கு மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள். ஒரு லீற்றருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி போதும். கூடினால் பசை பிடிக்காது.

ஏசிபி புடைக்கிறது, அக்கிரிலிக் வெடிக்கிறது

இரண்டும் இடம் கொடுக்காத குறை. ஏசிபி 100 பாகைக்கு மீற்றருக்கு 2.4 மி.மீ. விரியும். விடியற்காலை 25 பாகையில் இருக்கும் கறுப்புப் பலகை பின்வெயிலில் 65ஐத் தொட்டால், எட்டு அடித் தகடு 2.3 மி.மீ. நீளும். இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டால் நடுவில் புடைக்காமல் எங்கே போகும்? தகட்டுக்குத் தகடு 4 மி.மீ. விட்டு, நடு ஸ்குறூவை இறுக்கி, மற்றத் துளைகளைப் பெரிதாக்கி வொஷரோடு பூட்டுங்கள். மேலே உள்ள பாதுகாப்புத் தாளையும் பூட்டி முடித்ததும் உரித்துவிடுங்கள். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் பசை தகட்டிலேயே தங்கும்.

அக்கிரிலிக் அதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும்: அதே எட்டு அடி, அதே 40 பாகைக்கு 7 மி.மீ. 4 மி.மீ. ஸ்குறூவுக்கு 6 மி.மீ. துளை. வெடிப்பு ஸ்குறூத் துளையில் தொடங்கினால் காரணம் இதுதான். விளிம்பில் மயிர் போன்ற நூற்றுக்கணக்கான கீறல்கள் என்றால் காரணம் வேறு. லேசர் வெட்டோ தீ மெருகோ விளிம்பில் விட்ட இறுக்கத்தின்மேல் குளோரோஃபோம், தின்னர் பட்டிருக்கிறது. தீ மெருகு பிடித்த விளிம்பைக் குளோரோஃபோமால் ஒட்டாதீர்கள். அக்கிரிலிக்கை தின்னரால் துடைக்கவே வேண்டாம்.

செம்மண் நிறத்தில் கறள் வழிகிறது

வழிவு தொடங்கும் உச்சியைப் பாருங்கள். றிவெற் நடுவில் தொடங்கினால் அலுமினிய றிவெற்றுக்குள் எஞ்சிய இரும்புத் தண்டு. ஸ்குறூத் தலை என்றால் சாதாரண இரும்பு ஸ்குறூ. எங்கும் தொடங்காமல் பரவலாகப் பொட்டுப் பொட்டாக இருந்தால், துளைத்தபோது பறந்த இரும்புத்தூள் கழுவப்படாமல் ஒட்டியிருக்கிறது. சட்டத்தின் மூட்டில் என்றால் வெல்டிங் சூட்டில் துத்தநாகம் எரிந்துபோன இடம். கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகம் செறிந்த பிறைமர் இரண்டு கை. பெட்டிக் குழாயின் வாயை மூடாமல் விட்டால் உள்ளிருந்தே அரிக்கும்.

ஸ்ரெயின்லெஸ் எழுத்தில் தேத்தண்ணிக் கறை போலப் படர்ந்தால் தரத்தைச் சந்தேகியுங்கள். காந்தம் இறுகப் பிடித்தால் 430. பிடிக்காவிட்டால் 304 என்று முடிவு செய்யவேண்டாம், மலிவான 202ஐயும் காந்தம் பிடிக்காது. கடற்கரையில் 304 கூடக் கறைபடும். அங்கே 316 கேளுங்கள்.

பிளெக்ஸ் தொய்கிறது, பலகை ஆடுகிறது

காலைக் குளிரில் இழுத்துப் பூட்டிய பிளெக்ஸ் மத்தியானம் தொய்யும். வெயில் ஏறியபின், நடுவிலிருந்து மூலைக்கு இழுத்துப் பூட்டுங்கள். ஸ்குறூ வழியே கிழிந்தால் அலுமினியப் பட்டி வைத்து இறுக்குங்கள். அரைவட்டக் காற்றுத்துளை வெட்டுவதில் பயனில்லை: காற்று குறையாது, கிழிவு தொடங்க இடம் கிடைக்கும்.

ஆடும் பலகையைப் பிற்போடாதீர்கள். மணிக்கு 50 கி.மீ. காற்று எட்டுக்கு நாலு அடிப் பலகையை ஏறக்குறைய 36 கிலோ பாரத்தால் தள்ளும், 100 கி.மீ. ஆனால் இரட்டிப்பு அல்ல, நான்கு மடங்கு, 143 கிலோ. சோளகம் (தென்மேற்குக் காற்று) அடித்த நாலு மாதம் தாங்கியது என்பது வாடைக்காலப் புயலுக்கு உத்தரவாதம் அல்ல. பொள்ளல் சீமெந்துக் கல்லில் பிளாஸ்ரிக் பிளக் அடித்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு, சுவரை ஊடுருவும் 12 மி.மீ. போல்ற் போட்டு உட்புறம் 100 மி.மீ. சதுர இரும்புத் தட்டு வையுங்கள். பழைய சுண்ணச்சாந்துச் சுவர்களில் விரியும் அங்கர் கல்லைப் பிளக்கும். அங்கும் ஊடுருவும் போல்ற்தான். ஐப்பசி பிறக்கமுன் ஒருமுறை ஏறி, ஒவ்வொரு நட்டையும் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். விரலுக்குத் திரும்பும் நட்டு உள்ள பலகையை அன்றே இறக்குங்கள்.